ரமண்பாய் நீலகண்டின் சிரிப்பு எங்கிருந்து வந்தது

குஜராத்தில் ஒருவர் தேவைக்கு மேல் சமஸ்கிருதச் சொற்களை அடுக்கிப் பேசினால், அவரைப் ‘பத்ரம்பத்ர’ என்று சொல்லிவிடுவது வழக்கம். அது 1900-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த ஒரு நாவலின் பெயர். அந்த நாவலின் நாயகனுடைய பெயரும் அதுவே. எழுதியவர் அகமதாபாத்தைச் சேர்ந்த ரமண்பாய் மகிபத்ராம் நீலகண்ட் (1868–1928). குஜராத்தியின் முதல் நகைச்சுவை நாவல் என்று இலக்கிய வரலாறுகள் இதனைக் குறிப்பிடுகின்றன. மொழிநடையைக் கேலி செய்த புத்தகம் என்ற அளவிலேயே பெரும்பாலோர் இதனை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், குழந்தை மணம், விதவையர் நிலை, சாதிக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் குறித்து மேற்கிந்தியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த கடுமையான வாதத்தின் நடுவிலிருந்து எழுந்த நூல் இது. அந்த வாதத்தை அறியாமல் படித்தால் நூலின் பாதி நம் கண்ணில் படாமலே போய்விடும்.

ரமண்பாய்க்கு அந்த வாதம் தாம் பிறந்த வீட்டிலேயே தொடங்கியிருந்தது. தந்தை மகிபத்ராம் ரூப்ராம் நீலகண்ட், சூரத்தில் பிறந்த நாகர் பிராமணர். கல்வித் துறையில் பணியாற்றியவர். ஆசிரியப் பயிற்சி முறைகளைக் கற்று வருவதற்காக 1860-இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடல் கடந்தவன் சாதியிழந்தவன் என்பது அன்றைய விதி. ஊர் திரும்பியவரை நாகர் சாதியார் விலக்கி வைத்தார்கள். சாதிவிலக்கு என்பது அக்காலத்தில் வெறும் கண்டனத்தோடு முடிந்துவிடுகிற ஒன்றன்று. பந்தியில் இலை கிடையாது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் கிடையாது. நல்லதற்கும் கெட்டதற்கும் உறவினர் படியேற மாட்டார்கள். படித்தவர், அரசுப் பதவியில் இருப்பவர், ஊரார் மதிக்கும் ஆசிரியர் என்ற எதுவும் அங்கே செல்லாது. இத்தனைக்கும் நடுவே மகிபத்ராம் அகமதாபாத்தின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை தாங்கினார்; தமது இங்கிலாந்துப் பயணத்தைப் பற்றி நூல் எழுதினார்; மாமியார்–மருமகள் பூசலை வைத்து, மருமகளின் துன்பத்தைச் சொல்லும் கதை ஒன்றை 1866-இல் வெளியிட்டார். போலாநாத் சாராபாய் 1871-இல் அகமதாபாத்தில் நிறுவிய, சமயச் சீர்திருத்த அமைப்பான பிரார்த்தனா சமாஜத்திலும் முன்னின்று உழைத்தார். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சாதிச் சபை என்பது ஏட்டில் படித்தறிய வேண்டிய விஷயமாக இருந்திருக்க முடியாது. சாதியாரின் சபைகளை ரமண்பாய் பிற்காலத்தில் எழுதும்போது, அவர்களுடைய பேச்சின் ஒவ்வொரு நெளிவும் அவருக்குத் தெரிந்திருப்பது அதனால்தான்.

வீட்டுக்கு வெளியே வாதம் இன்னும் பெரிதாக நடந்துகொண்டிருந்தது. குஜராத்திக் கவிஞரும் பத்திரிகையாளருமான பார்சி பெஹ்ராம்ஜி மலபாரி, குழந்தை மணத்தையும் கட்டாய விதவைக் கோலத்தையும் எதிர்த்து 1884-இல் தமது குறிப்புகளை வெளியிட்டு நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பினார். அதே ஆண்டில் பம்பாயில் ருக்மாபாய் வழக்குத் தொடங்கியது. பதினோரு வயதில் தமக்கு மணம் செய்விக்கப்பட்ட கணவருடன் வாழ மாட்டேன் என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் உறுதியாக நின்றார். கணவன் வீட்டுக்குச் செல், இல்லையேல் சிறைக்குச் செல் என்று 1887-இல் உத்தரவு வந்தபோது, சிறையே மேல் என்று துணிந்தவர் அவர். பிறகு 1891-இல் வந்த சம்மத வயதுச் சட்டம், உடலுறவுக்குப் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. இரண்டே ஆண்டு உயர்வுதான். அதற்கே மதம் அழிந்தது, சாத்திரம் போயிற்று என்று பெருங்கூட்டங்கள் நடந்தன. அறிஞர்கள் என்று மதிக்கப்பட்டவர்கள் அவற்றில் மேடையேறினார்கள். பம்பாயின் மாதவ்பாக் வளாகம் அத்தகைய எதிர்ப்பாளர்கள் கூடிய இடங்களில் ஒன்று. ரமண்பாயின் நாயகன் நாவலில் புறப்பட்டுச் செல்வது அங்கே கூடும் சபைக்குத்தான்.

குஜராத்தில் எதிரணியின் வலிமையான குரல் நடியாத்தைச் சேர்ந்த மணிலால் நபுபாய் துவிவேதியுடையது. அத்வைத வேதாந்தத்தை ஆழக் கற்றவர். சிகாகோவில் 1893-இல் நடந்த சர்வ சமயப் பேரவைக்கு அவருடைய கட்டுரை சென்றது. அவர் நடத்திய ‘சுதர்சன்’ இதழுக்கும், பிரார்த்தனா சமாஜத்தின் சார்பில் ரமண்பாய் ஆசிரியராக இருந்து நடத்திய ‘ஞானசுதா’ இதழுக்கும் இடையே மதம், சீர்திருத்தம், கவிதை என்று பல பொருள்களில் ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. குஜராத்திச் சிந்தனை வரலாற்றில் இத்தனை நீண்ட, இத்தனை பொறுப்பான வாதம் வேறொன்று உண்டா என்பது ஐயமே. ஒருவர் எழுதியதை மற்றவர் வரி வரியாக எடுத்து மறுத்தார்கள். இதற்கு இணையாக மொழிநடை பற்றிய இன்னொரு பூசலும் இருந்தது. மன்சுக்ராம் சூர்யராம் திரிபாடி போன்றவர்கள், நூற்றாண்டுகளாகக் குஜராத்தியில் கலந்துவிட்ட பாரசீக, அரபுச் சொற்களை நீக்கிவிட்டுச் சமஸ்கிருதச் சொற்களையே கையாள வேண்டும் என்ற கொள்கையோடு எழுதினார்கள். வழக்கில் இருக்கும் சொல்லைத் தீட்டு என்று ஒதுக்குவதும், கடல் கடந்த மனிதனைத் தீட்டு என்று ஒதுக்குவதும் ஒரே மனப்பாங்கின் இரண்டு வெளிப்பாடுகள் என்று ரமண்பாய் கண்டுகொண்டார். நாவலின் கரு இதுதான் என்பது என் கருத்து.

‘ஞானசுதா’வில் 1892 முதல் தொடராக வந்து, இடையிடையே நின்று, மீண்டும் தொடர்ந்து, 1900-இல் நூலாகியது ‘பத்ரம்பத்ர’. கதை எளியது. தௌலத்சங்கர் என்ற பிராமணருக்கு ஒரு கனவு வருகிறது. கனவில் சிவபெருமான் தோன்றி, யவனச் சொல்லாகிய, அதாவது அந்நியச் சொல்லாகிய, ‘தௌலத்’ என்பதைச் ‘சங்கர்’ என்னும் தமது பெயரோடு ஒட்டவைத்ததற்காகச் சினக்கிறார். விழித்தெழுந்தவர் அந்தப் பெயரைத் துறந்து பத்ரம்பத்ர ஆகிறார். சனாதன தர்மத்தைக் காக்கும் பொறுப்பு தம் தோளில் இறங்கியிருப்பதாக உணர்ந்து, சீடர் அம்பாராமை அழைத்துக்கொண்டு, மாதவ்பாக் சபைக்காக அகமதாபாத்திலிருந்து பம்பாய்க்குப் புறப்படுகிறார். அந்தப் பயணமும், பம்பாயில் படும் பாடுகளும், பிறகு சாதிச் சபை, விருந்து, நீதிமன்றம் என்று அலைவதுமே கதை. செர்வாண்டிஸின் ‘டான் குவிக்சாட்’, டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ ஆகிய இரண்டின் சாயலையும் விமர்சகர்கள் இதில் காட்டியிருக்கிறார்கள்.

குஜராத்தி வாசகர் பலரும் சொல்லிக் காட்டும் காட்சி ரயில் நிலையத்தில் நடக்கிறது. பத்ரம்பத்ர பயணச்சீட்டுச் சாளரத்துக்கு வருகிறார். ‘டிக்கெட்’ என்ற மிலேச்சச் சொல் அவர் வாயில் வரக்கூடாது. ‘மும்பை’ என்பதும் அவருக்குக் கொச்சை. எனவே, ஸ்ரீ மோகமயிக்கு இரண்டு மூல்யபத்ரிகைகள் தருக என்று கேட்கிறார். உள்ளே இருப்பவர் ஒரு பார்சி. இவர் கேட்பது என்னவென்றே அவருக்கு விளங்கவில்லை. இது டிக்கெட் ஆபீஸ், என்ன பிதற்றுகிறீர் என்று பார்சிகளுக்கே உரிய கொச்சைக் குஜராத்தியில் கேட்கிறார். அதற்காகத் தாம் அறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம் என்று பத்ரம்பத்ர அவரை ‘யவன’ என்றே விளித்து விடை கூறி, விலையைப் பெற்றுக்கொண்டு மூல்யபத்ரிகையைக் கொடுக்கும்படி மறுபடியும் கேட்கிறார். மணிப்பிரவாள நடையைச் சிறிதேனும் பார்த்திருக்கும் தமிழ் வாசகருக்கு இந்த வாக்கியங்களின் ஓசை உடனே பிடிபட்டுவிடும்.

காட்சியின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இருவர் பேசுவதும் குஜராத்திதான். ஒருவர் பேசுவது அதன் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்ட நடை; மற்றவருடையது மிகத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட நடை. ஆனால் ரயிலேறுவதற்கு எது உதவும் என்பதில் வாசகருக்கு ஐயமே எழுவதில்லை. தூய்மை என்ற பெயரில் கட்டப்பட்ட மொழி, கூடவே வாழும் மனிதரிடம் இரண்டு சீட்டு வாங்கக்கூடப் பயன்படவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் இங்கே இருக்கிறது. பழைமையைக் காக்கப் புறப்பட்டவர் ஏறுவது ஆங்கிலேயர் கொண்டுவந்த ரயிலில். அந்த ரயில் இல்லாமல் சனாதனச் சபைக்கு ஊரூராக ஆள் திரட்டவே முடியாது. இதனை ஆசிரியர் எங்கும் விளக்கி எழுதவில்லை. பத்ரம்பத்ரவைச் சாளரத்தின் முன் நிறுத்துவதோடு தம் வேலையை முடித்துக்கொள்கிறார்.

நாவலின் உண்மையான கலைத்திறன் கதைசொல்லியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கதை முழுவதையும் சொல்வது சீடர் அம்பாராம். குவிக்சாட்டின் துணைவனான சாஞ்சோவுக்கு உலக அறிவு உண்டு. காற்றாலையைக் காற்றாலை என்று சொல்லித் தடுக்க அவன் முயல்கிறான். அம்பாராமிடம் அந்தச் சந்தேகம் துளியும் கிடையாது. குருநாதர் இடறி விழுந்தாலும், அடிபட்டாலும், ஏமாற்றுக்காரர்கள் இருவரிடம் சிக்கிப் பொருளை இழந்தாலும், ஒவ்வொன்றையும் தர்மத்தின் வெற்றியாகவே அவர் பக்தியோடு வருணிக்கிறார். நடந்தது ஒன்று, சொல்லப்படுவது ஒன்று. இரண்டுக்கும் இடையில் வாசகர் தாமே நின்று உண்மையைக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. நாவல் என்ற வடிவமே குஜராத்திக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்குள், சொல்வதை அப்படியே நம்ப முடியாத கதைசொல்லி ஒருவரை நூல் முழுவதும் தளராமல் நடத்திச் செல்வது எளிய காரியமன்று. ஒரு கொள்கைவெறியரைவிட, அவரைக் கேள்வி கேட்காமல் பின்தொடரும் நல்லியல்புள்ள சீடர்தான் சமூகத்துக்குப் பெரிய கேடு என்பதையும் அம்பாராம் வழியாக நூல் உணர்த்துகிறது.

பத்ரம்பத்ர கொடியவர் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். யாரையும் ஏய்க்கும் எண்ணம் அவரிடம் இல்லை. தாம் சொல்வதை முழுமனத்தோடு நம்புகிறார். அதற்காகத் துன்பப்படவும் தயாராக இருக்கிறார். விருந்தில் மட்டும் கை சற்று நீளும். இந்த நேர்மையால்தான் அவர் நூறாண்டுக்கு மேலாகியும் உயிரோடு இருக்கிறார். அவரைச் சுற்றியிருக்கும் சபைத் தலைவர்களும் பணம் பறிப்போரும் தமது ஆதாயத்துக்காகத் தர்மத்தைப் பேசுகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் இன்று யாருக்கும் நினைவில்லை.

நூலுக்கு எதிராகச் சொல்லப்பட வேண்டியதும் உண்டு. மணிலால் துவிவேதி போன்ற சிந்தனையாளரின் வாதம் பத்ரம்பத்ர பேசும் பேச்சைப் போன்றதன்று. மேற்கத்திய அறிவு தாக்கும்போது ஒரு சமூகம் தன் மரபிலிருந்து எதை வைத்துக்கொள்வது என்ற உண்மையான கேள்வியை அவர் எழுப்பினார். அந்தக் கேள்விக்கு ரமண்பாய் ‘ஞானசுதா’வின் கட்டுரைகளில் பொறுப்போடு விடை எழுதினார், நாவலிலோ அதற்கு இடமில்லை. மணிலால் 1898-இல், நாற்பது வயதில் இறந்துபோனார். நூல் வடிவத்தைப் பார்க்க அவர் இல்லை. இன்று மணிலாலின் தத்துவ நூல்களைப் படிப்போர் மிகச் சிலர். அவரது தரப்பைக் கேலி செய்த நாவலோ மறுபதிப்புகளாக வந்துகொண்டே இருக்கிறது. சிரிப்புக்கு வாதத்தைவிட ஆயுள் அதிகம் என்பதால் மணிலாலுக்கு நேர்ந்த இந்த அநீதியை நாம் கணக்கில் வைத்துக்கொண்டே நாவலைப் படிக்க வேண்டும். அவருடைய தரப்பையும் தேடிப் படிக்கிறவருக்கே அந்த விவாதத்தின் முழு உயரமும் தெரியும்.

சீர்திருத்தவாதியின் சொந்த வாழ்க்கையும் காலத்துக்கு வெளியே நின்றுவிடவில்லை. முதல் மனைவி இறந்தபின் ரமண்பாய் 1889-இல் வித்யாகௌரியை மணந்தார். போலாநாத் சாராபாயின் மகள் வழிப் பேத்தியான வித்யாகௌரி 1876-இல் பிறந்தவர். மணமானபோது அவருக்குப் பதின்மூன்று வயதுதான். இதனை மறைப்பதில் பொருளில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மணத்துக்குப் பின், பிள்ளைப்பேறுகளுக்கும் குடும்பப் பொறுப்புகளுக்கும் இடையே வித்யாகௌரி தொடர்ந்து படித்தார். அவரும் அவருடைய தங்கை சாரதா மேத்தாவும் 1901-இல் பட்டம் பெற்றார்கள். குஜராத்தின் முதல் பெண் பட்டதாரிகள் இந்தச் சகோதரிகளே. பெண் படித்தால் வீடு கெடும் என்று மாதவ்பாக் பாணியில் பேசியவர்களுக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது. கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளின் தொகுப்பு ‘ஹாஸ்யமந்திர்’ என்ற பெயரில் வெளிவந்தது. தம்பதியர் இருவரும் நகைச்சுவையில் கூட்டாக எழுதியது அன்றைய இந்திய மொழிகளில் அரிதான செய்தி. இவர்களுடைய மகள் வினோதினி நீலகண்டும் பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்டார்.

நகைச்சுவை எழுத்தாளர் என்ற ஒற்றை அடையாளத்தில் ரமண்பாய் அடங்கமாட்டார். தொழிலால் வழக்கறிஞர், அகமதாபாத் நகராட்சியின் தலைவராக இருந்தவர், பிற்பாடு வல்லபாய் படேல் வகித்த பதவி அது. அரசியலில் மிதவாதி. அரசு 1927-இல் அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தது. இலக்கியத் திறனாய்வில் அவருடைய ‘கவிதா அனே சாகித்ய’ தொகுதிகள் குஜராத்தி விமர்சனத்துக்கு அடித்தளம் இட்டவற்றுள் அடங்கும். மலை அழுதது, ஆறு ஏங்கியது என்று இயற்கையின்மேல் மனித உணர்ச்சியை ஏற்றிப் பாடுவது கவிதைக்குக் குறை என்று அவர் வாதிட்டார். அதை மறுத்துக் குஜராத்தி அறிஞர்கள் பலர் எழுதினார்கள். அந்த வாதத்தில் ரமண்பாயின் நிலை இறுக்கமானதாகவே எனக்குப் படுகிறது; பழைய இலக்கியத்தின் பெரும்பகுதியை அந்த அளவுகோல் வெளியே தள்ளிவிடும். ஆனாலும் பொய்யான உணர்ச்சியைப் பொறுக்காத அந்த மனமே பத்ரம்பத்ரவின் ஆரவாரப் பேச்சையும் பொறுக்காமல் நாவல் எழுதியது என்று பார்த்தால், விமர்சகரும் நகைச்சுவையாளரும் ஒருவரே என்பது விளங்கும்.

அவருடைய நாடகமான ‘ராயினோ பர்வத்’ இன்னொரு திசையிலிருந்து அதே கவலையைத் தொடுகிறது. அரசனைப் போல் வேடமிட்டு அரியணை ஏறும் வாய்ப்பு ராய் என்ற இளைஞனுக்கு வருகிறது. அப்படி ஏறினால் அரசியின் கணவனாகவும் நடிக்க வேண்டியிருக்கும் என்பதை உணர்ந்து அவன் மறுத்துவிடுகிறான். இறுதியில் விதவையான இளவரசி வீணாவதியை மணக்கிறான். குஜராத்தின் பவாய் என்னும் நாட்டார் கூத்தில் வரும் ஓர் ஈரடிப் பாடலிலிருந்து இந்த நாடகத்தின் கரு பிறந்தது. அந்தப் பாடல் இடம்பெற்ற பவாய்த் தொகுப்பை அச்சேற்றியவர் தந்தை மகிபத்ராம். விதவை மணத்தைத் தந்தையும் மகனும் ஒரு நாட்டார் கூத்தின் வழியே மேடைக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் தவறாகாது. மேடையில் நடிப்பதைவிடப் படிப்பதற்கே ஏற்ற நாடகம் இது என்ற குறை ஒருபுறம் இருக்க, சிரிப்பே இல்லாமலும் ரமண்பாயால் இந்தப் பொருளைக் கையாள முடிந்தது என்பதற்கு இது சான்று.

‘பத்ரம்பத்ர’ நூலான மறு ஆண்டில், கோவர்தன்ராம் திரிபாடியின் பெருநாவலான ‘சரஸ்வதிசந்திரா’வின் நான்காம், இறுதிப் பாகம் வெளிவந்தது. பழைமையும் புதுமையும் எப்படி இணக்கம் காண்பது என்று தியாகமும் கனவும் கலந்து ஆயிரக்கணக்கான பக்கங்களில் தேடியது அந்த நூல். ஒரே காலம், ஒரே கேள்வி, ஒரே மொழி. ஆனால் ஒன்று மண்டியிட்டுக் கேட்கிறது, மற்றது உரக்கச் சிரிக்கிறது. குஜராத்தி உரைநடை தனக்குத் தேவையான இரண்டு குரல்களையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பெற்றுக்கொண்டது.

இன்று நாவலை முழுதாகப் படிக்க முனைவோர்க்குச் சில தடைகள் உண்டு. தொடராக எழுதப்பட்டதால் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. கட்டுக்கோப்பான வளர்ச்சி கிடையாது. பிற்பகுதியில் ஒரே உத்தி திரும்பத் திரும்ப வந்து அலுப்பூட்டுகிறது. நீண்ட சமஸ்கிருதத் தொகைகளை உடைத்துப் பொருள் காணும் அளவுக்குப் பயிற்சி உள்ளவர்க்கே நகைச்சுவை முழுதாகக் கிட்டும். கேலிக்கு உள்ளான நடையை, அதன் ஆதரவாளர்களைவிடச் சரளமாக எழுதத் தெரிந்தவர் ரமண்பாய். முதன்முறை படிப்பவர்கள் தொடக்க அத்தியாயங்களையும் மாதவ்பாக் சபைச் சொற்பொழிவையும் படித்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குச் செல்லலாம். அந்தச் சொற்பொழிவில், ஒரு வழக்கம் பழையது என்பதாலேயே சரியானது, சரியானது என்பதாலேயே பழையது என்று சுற்றிச் சுற்றிவரும் தர்க்கத்தை ரமண்பாய் எந்த இடத்திலும் வெட்டாமல் அதன் போக்கிலேயே ஓடவிட்டிருக்கிறார். கூட்டம் கைதட்டுகிறது.

ரமண்பாய்க்குப் பிறகு குஜராத்தி நகைச்சுவை வேறு பாதையில் சென்றது. சூரத்தின் ஜோதீந்திர தவே, சமூகச் சண்டையை விட்டுத் தம் மெலிந்த உடம்பையும் அன்றாட மனிதரின் அசட்டுத்தனங்களையும் பொருளாக எடுத்துக்கொண்டு மென்மையான கட்டுரைகளை எழுதினார். தாரக் மேத்தா வாரப் பத்தியில் குடியிருப்பு வாழ்க்கையைச் சொல்லித் தொலைக்காட்சி வரை சென்றார். நகைச்சுவை எழுத்தாளர்களுக்குக் குஜராத் சாகித்ய அகாதமி தரும் பரிசு இன்று ரமண்பாய் நீலகண்டின் பெயரில் இருக்கிறது. ஆயினும் அவரைப் போல, ஒரு பெரும் பொதுவிவாதத்தில் தாமே ஒரு தரப்பாக நின்று, கட்டுரையாலும் நகராட்சிப் பணியாலும் போராடிக்கொண்டே, அதே விவாதத்தை நாவலாகவும் எழுதிச் சிரிக்க வைத்தவர் அங்கே இன்னொருவர் தோன்றவில்லை. அவர் 1926-இல் குஜராத்தி சாகித்ய பரிஷத் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரண்டு ஆண்டுகளில் காலமானார். அதே பரிஷத்தின் மாநாட்டுக்கு 1943-இல் வித்யாகௌரி தலைமை வகித்தார். அந்தப் பொறுப்பேற்ற முதல் பெண் அவர்.